அம்மாவின் கைபேசியில் "நான்கு வைரஸ்கள்": பாப்-அப் விளம்பரங்களை என்ன செய்வது?

#1 கொடிவேரி

அம்மா இரண்டு நாளாகக் கைபேசியை எடுப்பதில்லை என்று தம்பி சொன்னான். உடம்புக்குத்தான் ஏதோ என்று பயந்து ஊருக்குக் கிளம்பினேன். போய்ப் பார்த்தால் கைபேசி அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு துண்டில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. "சாமி, நான் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டேன். உள்ளே இருக்கிற படமெல்லாம் அழிந்துவிடும் என்று அதுவே சொல்கிறது. அதனால்தான் அணைத்து வைத்துவிட்டேன்" என்றார்.

அம்மாவுக்கு 68 வயது. தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்து ராகு காலம், நல்ல நேரம் பார்ப்பவர். இரண்டு ஆண்டுகளாக அதைக் கைபேசியில் பார்க்கிறார். அவர் பார்க்கிற பஞ்சாங்கத் தளம் ஒருநாள் "நீங்கள் இயந்திரம் அல்ல என்று காட்ட, அனுமதி என்ற பொத்தானை அழுத்தவும்" என்று கேட்டிருக்கிறது. அழுத்தினார். அன்றிலிருந்து திரையின் மேல் அறிவிப்புகள் கொட்டின. கேஸ் மானியம் வந்திருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது, கடைசியாக "உங்கள் போனில் 4 வைரஸ்கள், 2 நிமிடத்தில் எல்லாப் படங்களும் அழியும்." அதைத் தொட்டால் சிவப்பு எண்கள் ஓடுகிற ஒரு பக்கம் திறக்கிறது. பின்னால் போகும் பொத்தானை அழுத்தினால் அதே பக்கம் மறுபடியும் வருகிறது. பேத்தியின் பிறந்தநாள் படங்கள் போய்விடுமே என்றுதான் அம்மா அதை அணைத்துத் துண்டில் சுற்றியிருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தன்மீதே தவறு என்று அவரை நம்ப வைத்துவிட்டார்களே!

மூன்று கேள்விகள். பாப்-அப்களை, அதாவது தானாக எழும் விளம்பரச் சாளரங்களை, எல்லா உலாவிகளும் இப்போது தாமாகவே தடுக்கின்றன என்கிறார்களே, பிறகு இது எப்படி உள்ளே வந்தது? அவர் கைபேசியில் எதை நிறுவலாம்? எல்லா விளம்பரங்களையும் ஒட்டுமொத்தமாகத் தடுப்பது நியாயமா? கடைசிக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. சில நல்ல தமிழ்த் தளங்கள் விளம்பரத்தால்தான் உயிரோடு இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும்.

#2 சோதனைக்கூடம்

முதலில் மருந்து. அம்மாவின் கைபேசியில் வைரஸ் இல்லை. ஒரு வலைப்பக்கத்தால் கைபேசிக்குள் புகுந்து வைரஸ்களை எண்ணிச் சொல்ல முடியாது. "4" என்பது படத்தில் வரையப்பட்ட எண், அவ்வளவுதான். அவர் பயந்துபோய் எந்தச் செயலியையும் நிறுவாமல் அணைத்து வைத்தார் பாருங்கள், அதைவிடச் சரியான செயல் வேறில்லை. இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

குரோமில் அமைப்புகளுக்குள் போய், தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். பிறகு, தளங்கள் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்பதையே நிறுத்திவிடுங்கள். அம்மாவுக்குப் பஞ்சாங்கம் பார்க்க அறிவிப்பே தேவையில்லை. அண்மையில் நிறுவப்பட்ட செயலிகளையும் ஒருமுறை பாருங்கள். "கிளீனர்", "பூஸ்டர்" என்ற பெயரில் ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இது எப்படி உள்ளே வந்தது என்றால், வந்தது பாப்-அப்பே அல்ல, உலாவி அறிவிப்பு. செய்தித் தளங்கள் புதிய செய்தியை உடனே சொல்வதற்காக உலாவிகளில் ஏற்படுத்தப்பட்ட வசதி அது. ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், அந்தத் தளம் திறந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. பாப்-அப் வழி அடைபட்டதும் விளம்பரக்காரர்கள் இந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். 2020 தொடக்கத்தில் ஃபயர்பாக்ஸ் 72, குரோம் 80 ஆகிய பதிப்புகள் இந்த அனுமதிக் கேள்வியை ஓரளவு அடக்கி வைக்கத் தொடங்கின. "நீங்கள் இயந்திரம் அல்ல என்று காட்ட" என்ற பொய்யைச் சொல்லி மனிதர்களையே அழுத்த வைப்பது அதற்கும் பின்னால் தொடர்கிறது.

பின்னால் போகும் பொத்தான் வேலை செய்யாததும் ஒரு தந்திரம்தான். உலாவியின் வரலாற்றில் அந்தப் பக்கம் தன்னையே பலமுறை பதிந்துகொள்கிறது. எத்தனை முறை பின்னால் போனாலும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். அப்போது பொத்தானோடு போராடாமல், அந்தத் தாவலையே மூடிவிட வேண்டும்.

#3 பழைய சென்டர்க்காரர்

நான் 2001 முதல் 2009 வரை பிரவுசிங் சென்டர் நடத்தியவன். எட்டு கணினி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொலைபேசி இணைப்பு.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வருகிற நாளில் வாசலுக்கு வெளியே வரிசை நிற்கும். பதிவெண்ணை வாங்கி நானே தட்டச்சு செய்வேன். முடிவுப் பக்கம் பாதி வருவதற்குள் அதன்மேல் ஒரு சாளரம் எழும். மூடினால் இரண்டு எழும். அந்த இரண்டையும் மூடினால் நான்கு. பின்னால் நிற்கிற பிள்ளை என் தோளைப் பிடித்துக்கொண்டு அழும் நிலையில் இருக்கும், நான் ஒரு கம்பியில்லாக் கேமரா விளம்பரத்தை மூடிக்கொண்டிருப்பேன். அத்தனையும் அந்தப் பிள்ளையின் காசில், அந்த ஒரே இணைப்பின் வேகத்தில் இறங்கியவை.

அதைவிடக் கொடுமை அடியில் திறக்கும் சாளரங்கள். வாடிக்கையாளர் பார்க்கும்வரை ஒன்றும் தெரியாது. அவர் வேலை முடிந்து எழுந்து போனபின், எல்லாவற்றையும் மூடும்போதுதான் அடியில் ஐந்தாறு ஆபாச, சூதாட்டப் பக்கங்கள் கிடக்கும். அடுத்து வந்து உட்காரும் பெண் அதைப் பார்த்தால் தனக்கு முன்னால் உட்கார்ந்தவரைத்தான் சந்தேகப்படுவார். ஒரு பள்ளி ஆசிரியரை அப்படி நானே தவறாக நினைத்து, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். உண்மை எனக்குப் புரிந்தபோது அவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இரண்டாம் சர்வீஸ் பேக் வந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குள்ளேயே பாப்-அப் தடுப்பு அதில்தான் சேர்ந்தது. ஒரு குறுந்தகட்டில் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எட்டு கணினியிலும் ஏற்றினேன். அந்த ஆண்டு நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தது. அதையும் ஏற்றினேன். மறுநாள் காலையில் சென்டரைத் திறந்தபோது இருந்த அமைதி இன்னும் நினைவிருக்கிறது.

#4 சோதனைக்கூடம்

அந்த அமைதி ஏன் நீடிக்கவில்லை என்பதில்தான் கொடிவேரியின் முதல் கேள்விக்கு முழு விடை இருக்கிறது.

பாப்-அப் பிறந்த கதை பலருக்கும் வியப்பாக இருக்கும். 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ட்ரைபாட் என்ற தளம், யார் வேண்டுமானாலும் இலவசமாக வலைப்பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. அங்கே ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் பாலியல் சார்ந்த ஒரு பக்கத்தின் மேல் வந்துவிட, அந்த நிறுவனம் கொதித்துப்போனது. விளம்பரமும் பக்கமும் ஒட்டாமல் இருக்க என்ன வழி என்று யோசித்து, விளம்பரத்தைத் தனிச் சாளரத்தில் திறக்கும் நிரலை எழுதியவர் அங்கே பணிபுரிந்த ஈதன் சக்கர்மேன். 2014-இல் தி அட்லான்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் அதற்காக அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல அது. விளம்பரதாரரின் மானத்தைக் காக்கப் பிறந்தது. வாசகரைப் பற்றி அந்த இடத்தில் யாரும் நினைக்கவில்லை, அதுதான் குறை.

உலாவிகள் அதை எப்படி அடக்கின? ஒரே ஒரு விதியால். புதிய சாளரத்தைத் திறக்கும் கட்டளை பயனர் எதையாவது சொடுக்கிய அல்லது தொட்ட கணத்தில் வந்தால் அனுமதி. பக்கம் திறக்கும்போதோ, மூடும்போதோ, கடிகாரம் வைத்தோ தானாக வந்தால் மறுப்பு. வங்கித் தளத்தில் ரசீதுக்கான சாளரம் திறக்க வேண்டுமல்லவா, அதற்காகத்தான் முழுத் தடை போடாமல் இந்த விதி. ஓபரா, மொசில்லா எல்லாம் மைக்ரோசாஃப்டுக்கு முன்பே இதைச் செய்துவிட்டன.

இந்த விதி, சொடுக்குவது மனிதரின் விருப்பம் என்று நம்புகிறது. விளம்பர நிரல் அந்த நம்பிக்கையைத்தான் திருடுகிறது. பக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடிப் படலத்தை விரித்து வைக்கும். நீங்கள் ராகு காலத்தைத் தொடுவதாக நினைத்து அந்தப் படலத்தைத் தொடுவீர்கள். உலாவியின் கணக்கில் நீங்களே விரும்பித் தொட்டதாக ஆகிவிடும், சாளரம் திறந்துவிடும். இரண்டாவது முறை தொடும்போது படலம் இருக்காது, பக்கம் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் தன் விரல்தான் தவறிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். உங்கள் அம்மா தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டதற்கு வேர் இங்கே இருக்கிறது.

இன்னொரு வகை, பக்கத்துக்குள்ளேயே எழும்பி எழுத்தை மறைக்கும் பெட்டி. அது தனிச் சாளரமே அல்ல. பக்கத்தின் ஒரு பகுதி. பாப்-அப் தடுப்புக்கு அது கண்ணிலேயே படாது.

விளம்பரத் தடுப்பான் தேவைப்படுவது இந்த இரண்டுக்கும்தான். அது இரண்டு வேலை செய்கிறது. விளம்பர நிரல் வரும் முகவரிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, அந்த முகவரிக்குக் கோரிக்கையே போகாமல் நிறுத்துகிறது. நிரல் வந்து சேராவிட்டால் கண்ணாடிப் படலமும் இல்லை. அதையும் மீறிப் பக்கத்தில் மிஞ்சுகிற வெற்றுப் பெட்டிகளை மறைத்துவிடுகிறது. ஈசிலிஸ்ட் போன்ற அந்தப் பட்டியல்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொரு வரியாகச் சேர்க்கிறார்கள். இந்திய மொழித் தளங்களுக்கென்று இந்தியன்லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. தமிழ்த் தளங்களை அதிகம் பார்ப்பவர்கள் தடுப்பானின் அமைப்பில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#5 கல்வெட்டுப்படி

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் ஒரு பக்கத்தில் நின்று பேசுகிறீர்கள். மறுபக்கத்திலிருந்து ஒருவன் பேசுகிறேன்.

நான் ஊர்க் கோயில்களின் கல்வெட்டுகளைப் படம் எடுத்து, வாசித்து, பொருளோடு ஒரு தளத்தில் போட்டு வருகிறேன். பதினோரு ஆண்டுகளாகிறது. பேருந்துச் செலவும், தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் வழங்கிக் கட்டணமும் என் சம்பளத்திலிருந்து போனது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் விளம்பரம் சேர்த்தேன். அதில் வருவது வழங்கிக் கட்டணத்துக்கும் மாதம் ஓரிரு பயணத்துக்கும் சரியாக இருக்கும். தடுப்பான் வைத்துக்கொண்டு வந்து படிப்பவர்கள் என் உழைப்பைப் படிக்கிறார்கள், எனக்கு ஒரு காசும் வருவதில்லை. சந்தா வைத்தால் யார் கட்டுவார்கள்? நன்கொடை கேட்டுப் பார்த்தேன். ஓராண்டில் நால்வர் கொடுத்தார்கள்.

மோசடி விளம்பரத்தை நானும் வெறுக்கிறேன். அதற்காக எல்லா விளம்பரங்களையும் ஒரே அரிவாளால் வெட்டினால் முதலில் சாய்வது பெரிய நிறுவனங்கள் அல்ல. அவர்களுக்குச் செயலி இருக்கிறது, சந்தா இருக்கிறது, சொந்த விற்பனைப் பிரிவு இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் தளத்தை மூடிவிட்டு முகநூலுக்குப் போய்விடுவோம். பிறகு தேடினாலும் ஒரு கல்வெட்டும் கிடைக்காது.

#6 கொடிவேரி

கல்வெட்டுப்படி ஐயா, உங்கள் தளத்தை நான் படித்திருக்கிறேன் என்றே நினைக்கிறேன். உங்கள் உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் உங்கள் தளத்தில் சேர்த்த விளம்பர நிரல் இன்று இரவு என் அம்மாவைப் போன்ற ஒருவருக்கு எதைக் காட்டும் என்று உங்களால் சொல்ல முடியுமா? கைபேசியில், முதன்முறை வருகிற ஒருவருக்கு? அந்தப் பஞ்சாங்கத் தளத்தை நடத்துபவரும் உங்களைப் போல ஒரு நல்ல மனிதராக இருக்கலாம். அவருக்கும் இது தெரியாமலே நடந்திருக்கலாம்.

எனக்கு உங்கள் வருமானத்தைத் தடுக்க ஆசையில்லை. என் வீட்டுக் கதவைத் திறக்கும் உரிமை மட்டும் என்னிடம் இருக்க வேண்டும் என்கிறேன்.

#7 ரைன்கரை

நான் ஜெர்மனியில் வாழ்கிறேன். நீங்கள் இருவரும் பேசுகிற இதே வழக்கு இங்கே பத்தாண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்களில் நடக்கிறது.

ஆட்பிளாக் பிளஸ் என்ற தடுப்பானை நடத்துவது கொலோன் நகரத்தின் ஐயோ (Eyeo) நிறுவனம். அதன்மேல் வழக்குப் போட்டது பெரிய பதிப்பகமான ஆக்ஸல் ஸ்ப்ரிங்கர். தடுப்பான் நியாயமற்ற வணிகப் போட்டி என்பது அவர்கள் முதல் வாதம். 2018 ஏப்ரலில் இந்நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தடுப்பானை நிறுவுவது பயனரின் சொந்த முடிவு என்பது தீர்ப்பின் மையம். பதிப்பகம் விடவில்லை. வலைப்பக்கத்தின் நிரல் எங்கள் பதிப்புரிமைக்கு உட்பட்டது, தடுப்பான் அதை மாற்றுகிறது என்று அடுத்த வழக்கைத் தொடுத்தது. ஹாம்பர்க் நீதிமன்றங்கள் மறுத்தன. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை ரத்துசெய்து, மீண்டும் விசாரிக்கும்படி ஹாம்பர்குக்கே அனுப்பியிருக்கிறது. இது எனக்குக் கவலை தருகிறது. என் கணினிக்கு வந்து சேர்ந்த பக்கத்தை நான் எப்படிப் பார்க்கிறேன் என்பது பதிப்புரிமை மீறல் என்றால், பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் மென்பொருளையும் எழுத்தைப் பெரிதாக்கும் நீட்சியையும் (உலாவியோடு சேர்க்கும் துணை நிரல்) என்ன சொல்வது?

ஆனால் ஐயோ நிறுவனத்தையும் நான் முழுவதுமாக ஆதரிக்கவில்லை. 2011 முதல் அவர்கள் "ஏற்கத்தக்க விளம்பரங்கள்" என்ற திட்டம் வைத்திருக்கிறார்கள். அடக்கமான விளம்பரங்கள் தடுப்பைத் தாண்டி வரும். சிறிய தளங்களுக்குக் கட்டணம் இல்லை. பெரிய நிறுவனங்கள், அதனால் கூடுதலாகக் கிடைக்கும் வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். காவலாளி வாசலில் நின்று கப்பம் வாங்குகிறான் என்று இங்கே பலர் திட்டினார்கள். கல்வெட்டுப்படி போன்றவர்களுக்கு அது ஒரு நடுவழி என்று நான் நினைக்கிறேன், என்றாலும் வாசலில் பணம் கை மாறுகிற காவலை முழுதாக நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஐபோனில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பரில் ஐஓஎஸ் 9 முதன்முறையாகத் தடுப்பான்களுக்கு இடம் கொடுத்தது. மார்கோ ஆர்மென்ட் என்ற மென்பொருளாளர் பீஸ் என்ற தடுப்பானை வெளியிட்டார். கட்டணச் செயலிகளில் முதலிடத்துக்குப் போனது. இரண்டே நாளில் அவரே அதை விலக்கிக்கொண்டார். அடிபடத் தேவையில்லாதவர்களையும் அது அடிக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். கொட்டுகிற பணத்தைத் தானாகவே நிறுத்திய அந்த மனிதரை நான் மதிக்கிறேன். அவர் முடிவை ஏற்கவில்லை, ஆனாலும் மதிக்கிறேன்.

#8 மின்தறி

குரோமில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் வேலை செய்யவில்லை, "இனி ஆதரவு இல்லை" என்று அணைத்துவிட்டது. பல ஆண்டுகளாக வைத்திருந்தேன். விளம்பரம் விற்கிற நிறுவனம் தன் உலாவியில் விளம்பரத் தடுப்பானை அணைக்கிறது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

#9 சோதனைக்கூடம்

விவாதிக்கக் கொஞ்சம் இருக்கிறது, மின்தறி. கோபம் நியாயமானது, விவரம் சரியாக இருக்கட்டும்.

நீட்சிகளுக்கான விதிமுறையை குரோம் மாற்றியது. மேனிஃபெஸ்ட் வி3 என்பது புதிய விதிமுறையின் பெயர். பழைய முறையில், உலாவி அனுப்புகிற ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சி நேரில் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று அந்தக் கணமே முடிவெடுக்கும். புதிய முறையில் அது முடியாது. தடுக்க வேண்டிய விதிகளின் பட்டியலை முன்கூட்டியே உலாவியிடம் கொடுத்துவிட வேண்டும், தடுக்கும் வேலையை உலாவியே செய்யும். 2024-இல் தொடங்கி 2025-க்குள் பழைய வகை நீட்சிகள் குரோமில் அணைக்கப்பட்டன.

கூகுள் சொல்லும் காரணம் பாதுகாப்பும் வேகமும். அதைப் பொய் என்று தள்ள முடியாது. நீங்கள் பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் அதிகாரம் ஒரு நீட்சிக்குக் கிடைப்பது உண்மையிலேயே ஆபத்தானது. ஒரு நல்ல நீட்சியைத் தீயவர்கள் விலைக்கு வாங்கினால் என்ன ஆகும்? ஆனால் பட்டியல் முறையில், இன்று காலை புதிதாக முளைத்த தந்திரத்துக்கு இன்று மாலையே மாற்று கொடுப்பது கடினம். பழைய சென்டர்க்காரர் சொன்ன காலத்திலேயே இப்படி ஒன்று நடந்தது. 2002-இல் மொசில்லா 1.0 உலாவி பாப்-அப் தடுப்போடு வந்தது. அதே நிரலிலிருந்து ஏஓஎல் நிறுவனம் வெளியிட்ட நெட்ஸ்கேப் 7.0 உலாவியில் அந்த வசதி மட்டும் எடுக்கப்பட்டிருந்தது. ஏஓஎல் அப்போது விளம்பரம் விற்கிற நிறுவனம். எதிர்ப்பு எழுந்த பிறகு 7.01-இல் அது திரும்ப வந்தது.

இப்போது உங்களுக்கு இரண்டு வழி. குரோமிலேயே இருப்பதென்றால் யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற புதிய முறை நீட்சி இருக்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்குப் பெரும்பாலும் போதும். முழு யூபிளாக் ஆரிஜின் வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸ். அங்கே பழைய வசதியை விட்டு வைத்திருக்கிறார்கள். அதை எழுதிய ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை, ரைன்கரை சொன்ன கப்பக் கேள்வி இங்கே எழாது. ஒத்த பெயரில் போலி நீட்சிகள் உண்டு. "ஆரிஜின்" என்ற சொல்லும் எழுதியவர் பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்து நிறுவுங்கள்.

கொடிவேரிக்கு முக்கியமானது இது: ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகளே நிறுவ முடியாது. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் முடியும். அம்மாவுக்கு அதைப் போட்டுக் கொடுங்கள்.

தடுப்பான் சொகுசு என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒன்று: 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, தேடல் முடிவுகளில் நிறுவனங்களின் பெயரில் போலி விளம்பரம் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று எச்சரித்து, தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துமாறு பொதுமக்களுக்கு அறிவுரை சொன்னது. ஒரு புலனாய்வு அமைப்பே சொல்கிற அளவுக்கு நிலைமை போய்விட்டது.

#10 நுகர்வோர் மேசை

இந்தியச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது என்பதை யாரும் குறிப்பிடவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, இணையத்தில் பயனரை ஏமாற்றும் வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 13 வகைகளை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. செய்திபோல் தோன்றும் மறைமுக விளம்பரம் அதில் ஒன்று. திரும்பத் திரும்பத் தொல்லை கொடுப்பது ஒன்று. இல்லாத வைரஸைக் காட்டிப் பயமுறுத்தி, பணம் கட்டவோ போலி மென்பொருளை நிறுவவோ வைப்பது ஒன்று. கொடிவேரியின் அம்மா பார்த்தது அப்படியே இந்தக் கடைசி வகைக்குள் வருகிறது.

திரையைப் படம் எடுத்து வையுங்கள், முகவரிப் பட்டை தெரியும்படி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930. முதல் சில மணி நேரம்தான் பணத்தை நிறுத்தி வைக்க நல்ல வாய்ப்பு. மோசடிக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாதபோது புகாரால் என்ன பயன் என்று கேட்பீர்கள். அந்த விளம்பரத்துக்கு இடம் கொடுத்த தளம் இங்கே இருக்கிறது அல்லவா?

#11 பனைநிழல்

ஒவ்வொரு உலாவிக்கும் தனித்தனியாக நிறுவ விரும்பாதவர்களுக்கு ஒரு வழி. ஆண்ட்ராய்டு 9 முதல் "தனிப்பட்ட டிஎன்எஸ்" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் எண் முகவரியைச் சொல்லும் தொலைபேசி அட்டவணை போன்றது டிஎன்எஸ். ஆட்கார்டு போன்றவர்கள் விளம்பர முகவரிகளை நீக்கிய அட்டவணையை இலவசமாகத் தருகிறார்கள். அவர்கள் தளத்தில் தரும் பெயரை அந்த அமைப்பில் ஒருமுறை எழுதிவிட்டால் செயலிகளுக்குள் வரும் விளம்பரமும் பெருமளவு குறையும். தரவுப் பொதி மாதக் கடைசிவரை எனக்கு நீடிப்பது இதனால்தான். என் மாணவர்கள் பலருக்கும் போட்டுக் கொடுத்தேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முழு முகவரியைத்தான் இது தடுக்கும். காணொளி வரும் அதே முகவரியிலிருந்து விளம்பரமும் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. சில பொது வைஃபைகளில் நுழைவுப் பக்கம் திறக்காது, அப்போது தற்காலிகமாக அணைக்க வேண்டும். நீங்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பது அந்த அட்டவணை வைத்திருப்பவருக்குத் தெரியும். நம்பிக்கையானவரைத் தேர்ந்தெடுங்கள்.

#12 கல்வெட்டுப்படி

கொடிவேரி கேட்ட கேள்வி இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

நேற்று இரவு என் மைத்துனரின் கைபேசியை வாங்கினேன். என் தளத்தை ஒருமுறைகூடத் திறக்காத கைபேசி. வைஃபையை அணைத்துவிட்டு என் தளத்தைத் திறந்தேன். ஒரு சோழர் காலக் கல்வெட்டின் படத்தைப் பெரிதாக்கத் தொட்டேன். புதிய தாவல் திறந்தது. "உங்கள் பேட்டரி சேதமடைந்துள்ளது" என்று தமிழில், எழுத்துப்பிழைகளோடு, கீழே ஒரு பச்சைப் பொத்தான்.

திரும்பிப் போய் மறுபடியும் தொட்டேன். ஒன்றும் வரவில்லை. படம் ஒழுங்காகப் பெரிதானது. சோதனைக்கூடம் எழுதியது அப்படியே.

மூன்று ஆண்டுகளாக நான் ஏன் இதைப் பார்க்கவில்லை என்று காலையில் உட்கார்ந்து தேடினேன். என் தளத்தில் இரண்டு விளம்பர நிரல்கள் இருக்கின்றன. ஒன்று பக்கவாட்டில் பட விளம்பரம் காட்டுவது. மற்றொன்றை, வருமானம் கூடும் என்று ஒரு முகவர் மின்னஞ்சலில் அனுப்பிய இரண்டு வரியை ஒட்டிச் சேர்த்தேன். அதன் அமைப்புகளைப் படித்துப் பார்த்தால் கைபேசிக்கு மட்டும், ஒரு வாசகருக்கு ஒரு நாளில் ஒருமுறை மட்டும் என்று இருக்கிறது. நான் எப்போதும் கணினியில், நிர்வாகியாக உள்ளே நுழைந்த நிலையில்தான் என் தளத்தைப் பார்க்கிறேன். எனக்குத் தெரியாதபடிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. எந்த விளம்பரம் வரும் என்பதை நானும் தேர்ந்தெடுக்கவில்லை, அந்த முகவரும் தேர்ந்தெடுக்கவில்லை. வாசகர் பக்கத்தைத் திறக்கும் அந்த நொடிக்குள் யாரோ ஏலத்தில் எடுக்கிறார்கள்.

என் வாசகர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஊர்ப் பெரியவர்கள். இத்தனை நாளில் எத்தனை பேர் அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்களோ. ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. எல்லோரும் தங்கள் விரலைத்தான் குறை சொல்லியிருப்பார்கள்.

இரண்டாவது நிரலை எடுத்துவிட்டேன். வருமானத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் வந்தது, மறைக்க விரும்பவில்லை. முதல் பக்கத்தில் நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். தடுப்பான் வைத்திருப்பவர்கள்மேல் நான் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். வருமானம் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறவில்லை, அந்தப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

#13 பழைய சென்டர்க்காரர்

கல்வெட்டுப்படி, உங்கள் தளத்தின் நன்கொடைப் பக்கம் எங்கே இருக்கிறது? முகப்பில் தேடினேன், கிடைக்கவில்லை. அதை மேலே கொண்டு வாருங்கள்.

#14 கொடிவேரி

எல்லோருக்கும் நன்றி. அறிவிப்பு அனுமதிப் பட்டியலில் பதினேழு தளங்கள் இருந்தன. எல்லாவற்றையும் நீக்கினேன். ஃபயர்பாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும் போட்டு, இந்தியன்லிஸ்டையும் சேர்த்தேன். 1915-க்குப் புகார் கொடுத்து எண் வாங்கியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.

அம்மாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: நீங்கள் எதையும் கெடுக்கவில்லை, அணைத்து வைத்ததுதான் சரி என்று கணினி தெரிந்த ஒருவரே எழுதியிருக்கிறார் என்று. அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

கல்வெட்டுப்படி ஐயா, உங்கள் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணைத்து வைத்திருக்கிறேன். நீட்சியின் படத்தைத் தொட்டு, உள்ளே இருக்கும் பெரிய மின்பொத்தானை அணைத்தால் போதும், மற்றவர்களும் செய்யலாம். நேற்று மாலை அம்மா எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் ஏரிக் கல்வெட்டைப் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தில் கடைசி இரண்டு வரிகள் நிழலில் இருக்கின்றன, வெயில் வேறு பக்கம் இருக்கும்போது இன்னொரு படம் எடுக்க முடியுமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். காலையில் ஏழு மணிக்கு அந்தச் சுவரில் வெயில் நேராக விழும் என்கிறார்.